உமிழ்திறன்: வெயிலில் நிற்கும் ஹீட் சிங்க்குக்கு எந்த நிறம்?

ஒரு பரப்பு தன் வெப்பத்தைக் கதிர்களாக வெளிவிடும் அளவை, அதே வெப்பநிலையில் உள்ள முழுக் கரும்பொருளோடு (தன்மேல் விழும் கதிர் முழுவதையும் உட்கவரும் கற்பனைப் பொருளோடு) ஒப்பிட்டு, 0 முதல் 1 வரையிலான எண்ணாகச் சொல்வதே உமிழ்திறன். மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் வட்டார மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இதை ‘எமிசிவிட்டி’ என்றே சொல்வார்கள். வெளியே அனுப்புதல் என்று பொருள்படும் இலத்தீன வினையிலிருந்து வந்த சொல் அது. ‘உமிழ்’ என்றதும் எச்சில் நினைவுக்கு வருவதால் சிலர் ‘வெளிவிடு திறன்’ என்று எழுதுகிறார்கள், அது பிழையன்று. ஆயினும், நாகம் மணி உமிழும் என்று சங்கப் புலவர்கள் பாடிய மொழியில், ஒளியையும் வெப்பத்தையும் சொல்ல இந்த வினை முழுத் தகுதி உடையது என்பதே என் கருத்து. மின்னணுப் பாகங்களின் சூட்டை வாங்கி வெளியேற்றும், தகடுகள் கொண்ட உலோகக் கருவியான ஹீட் சிங்க்குக்குப் பாடநூல் வழக்கையொட்டி ‘வெப்ப ஏற்பி’ என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கருவி வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வதில்லை, காற்றுக்குக் கடத்திவிடுகிறது. ஆதலால் ‘வெப்ப வடிகால்’ என்பது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

உமிழ்திறனைத் தனியாகப் படித்தால் போதாது. அதன் இணைச்சொல்லான, தன்மேல் விழும் கதிரில் எவ்வளவு பங்கைப் பரப்பு வாங்கிக்கொள்ளும் என்று சொல்லும் உட்கவர்திறனையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நன்றாக உட்கவரும் பொருள் நன்றாக உமிழும் என்று 1859இல் இயற்பியலாளர் கிர்க்காஃப் வகுத்த விதியைப் பள்ளியில் படித்துவிட்டு, ‘ஆகவே கறுப்புதான் எங்கும் நல்லது’ என்று முடிவு செய்பவர்கள் பலர். அந்த விதி ஒரே அலைநீளத்துக்குப் பொருந்துவது என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். சுமார் 5,500 டிகிரி செல்சியசில் எரியும் சூரியனின் கதிர்வீச்சு 0.5 மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சம் பெறுகிறது. 70 டிகிரியில் இருக்கும் வடிகாலின் உமிழ்வோ, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில், 8.5 மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சம் பெறுகிறது. பரப்பு வெயிலை எவ்வளவு உட்கவரும் என்பதை நாம் காணும் நிறம் பெரிதும் தீர்மானிக்கிறது. அகச்சிவப்பில் எவ்வளவு உமிழும் என்பதைப் பற்றி அது ஏறத்தாழ எதுவுமே சொல்வதில்லை.

அதனால்தான் வெள்ளைச் சாயத்தின் உமிழ்திறனும் கறுப்புச் சாயத்தின் உமிழ்திறனும் 0.9ஐ ஒட்டியே இருக்கின்றன. மெருகேற்றிய அலுமினியத்துக்கு அது 0.05 அளவுதான், அதே அலுமினியத்தை அனோடைஸ் செய்தால் (மின்வேதி முறையில் அதன்மேல் ஆக்சைடு படலம் வளர்த்தால்), நிறமேற்றாவிட்டாலும் 0.8ஐ எட்டும். அங்கே வேலை செய்வது மைக்ரோமீட்டர் கணக்கில் வளரும் ஆக்சைடு படலமே தவிர, அதில் ஊறிய சாயம் அன்று.

இனி வெயிலுக்கு வருவோம். தெளிந்த வானில், நண்பகலில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் வெயில் விழும். கறுப்புப் பரப்பு அதில் 900 வாட்டுக்கும் மேல் விழுங்கிவிடும். வெள்ளைச் சாயம் பூசியது 200 முதல் 300 வாட் வரை வாங்கும். 32 டிகிரிச் சூழலில் 70 டிகிரியில் நிற்கும் பரப்பு, உமிழ்திறன் 0.9 என்றால், திருப்பிக் கதிர்வீசுவது, சூழலிலிருந்து பெறும் கதிர்வீச்சைக் கழித்தால், ஏறத்தாழ 265 வாட் மட்டுமே. ஆகவே கறுப்பு வடிகால் வெயிலில் நிற்கும்போது வாங்குவது கதிராக விடுவதைவிட மூன்று மடங்குக்கும் மேல். பளபளக்கும் வெற்று அலுமினியம் வெயிலைக் குறைவாகவே வாங்கினாலும், தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடத் தெரியாதது. கூரைமேல் சூரியத்தகட்டு இன்வெர்ட்டரோ, தெருவிளக்கோ, கண்காணிப்புக் கேமராப் பெட்டியோ வைப்பவர் வெள்ளைப் பூச்சைத் தேர்வதே சரி. நிழலிலோ கட்டடத்துக்குள்ளோ என்றால் எந்த நிற அனோடைஸும் ஏறக்குறைய ஒன்றுதான். மின்விசிறி வேகமாக ஊதும் இடத்தில் வெப்பத்தின் பெரும்பங்கைக் காற்றே கொண்டுபோய்விடுவதால், பூச்சின் உமிழ்திறனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நெருக்கமாக நிற்கும் தகடுகளின் உட்புறங்களும் ஒன்றன்மேல் ஒன்று கதிர்வீசிக்கொள்கின்றன. வானைப் பார்க்கும் வெளிப்புறம்தான் கதிர்வீச்சில் கணக்கில் வரும்.

பளபளப்பான வடிகாலை அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பவரும் இந்த எண்ணை மறக்கக்கூடாது. பல கருவிகள் உமிழ்திறனை 0.95 என்று கொண்டே கணக்கிடுவதால், சூடான அலுமினியத்தைக் குளிர்ந்ததாகக் காட்டிவிடும். பரப்பின்மேல் ஒரு துண்டு கறுப்பு மின்நாடாவை ஒட்டி, அது சூடேறும் வரை பொறுத்து, அந்த நாடாவைக் குறிவைத்து அளந்தால் சரியான அளவுக்கு மிக நெருங்கிய எண் கிடைக்கும்.