கருவாட்டை விட்டவர், பாக்கெட்டை விடவில்லை

புதுச்சேரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகத்தான் பதில் சொல்வார்கள். அதனால் இரண்டாவது சந்திப்புக்கு வரும்போது, வீட்டில் பிரித்த பாக்கெட்டுகளின் உறைகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துவரச் சொல்லிவிடுவேன். ரத்தப் பரிசோதனை அறிக்கையைவிடச் சில நேரம் அந்த உறைகள் அதிகம் பேசும்.

அப்படி ஒரு பையோடு வந்தார் ஒரு பெரியவர். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும், இந்த ஊர் 'சொல்தா' என்று அழைக்கும் வீடு. ரத்த அழுத்தம் அவருக்கு. ஆட்டுக்கறியை நிறுத்தி ஆறு மாதம். ஊறுகாய் ஜாடி மருமகளிடம் போய்விட்டது. கடலூர் முதுநகரிலிருந்து தங்கை அனுப்பும் கருவாட்டைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனாலும் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே இருந்தது. பைக்குள் இருந்தவை எல்லாம் வான்கோழி இறைச்சிப் பாக்கெட்டின் உறைகள். காலையில் நீள ரொட்டிக்கு நடுவே நான்கு துண்டு, தினமும்.

"கொழுப்பே இல்லை மேடம், பாருங்கள்" என்று முன்பக்கத்தைக் காட்டினார். 98 சதவீதம் கொழுப்பற்றது என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதில் பொய் இல்லை. நான் உறையைத் திருப்பினேன்.

தோல் நீக்கிய பச்சை வான்கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 24 கிராம், கொழுப்பு ஒன்றரை கிராம், சோடியம் 110 மில்லிகிராம் சொச்சம். பி3, பி6, பி12 வைட்டமின்களும் செலினியமும் தாராளமாக உண்டு. பறவை மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அதே நெஞ்சுக்கறி மெல்லிய துண்டுகளாகப் பாக்கெட்டில் வரும்போது, 100 கிராமுக்குப் புரதம் பெரும்பாலும் 15 முதல் 17 கிராமாக இறங்கிவிடுகிறது. சோடியமோ 900, 1,000 என்று ஏறி நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியது புரதத்தை. வீட்டுக்கு வந்தது தண்ணீரும் உப்பும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? உப்பும் பாஸ்பேட்டும் கரைத்த நீரை ஊசிகளால் கறிக்குள் செலுத்துகிறார்கள். பிறகு சுழலும் பெரிய உருளையில் போட்டுப் புரட்டுகிறார்கள். கறியின் புரதம் பிசுபிசுத்து நீரைப் பிடித்துக்கொள்கிறது. அது போதாவிட்டால் மாவுச்சத்தோ கடற்பாசியிலிருந்து எடுக்கும் கேரஜீனனோ கை கொடுக்கும். அச்சில் அடைத்து வேகவைத்துச் சீவினால் வட்ட வட்டமாகத் துண்டுகள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீர் கூடினால் மொத்த எடை கூடும். எடை கூடினால் கொழுப்பின் சதவீதம் தானாகக் குறையும். முன்பக்கத்துப் பெருமையில் தண்ணீருக்கும் பங்கு இருக்கிறது.

பெரியவரின் கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் எல்லை 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. அவருடைய நான்கு துண்டுகள் ஏறக்குறைய 100 கிராம். பாதி நாளின் பங்கு காலை எட்டு மணிக்கே முடிந்துவிட்டது. ரொட்டியின் உப்பு தனி. மதியச் சாம்பார், ரசம் எல்லாம் இனிமேல்தான். கருவாட்டின் உப்பு நாக்கில் தெரியும், அதனால் அளவோடு தொடுகிறோம். இந்தத் துண்டு அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை.

பையில் வேறொரு உறையும் இருந்தது, முழுவதும் பிரெஞ்சில். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் வீட்டார் பிரித்தது. "இதில் 2 என்றுதான் போட்டிருக்கிறது, நம் ஊர்ப் பாக்கெட்டில் 900" என்று வெற்றியோடு நீட்டினார். ஐரோப்பிய உறைகளில் உப்பை கிராமில் போடுவார்கள். நம் நாட்டில் சோடியத்தை மில்லிகிராமில் போடுவார்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. அந்த 2 கிராம் உப்பு என்பது 800 மில்லிகிராம் சோடியம். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஊர் என்பதால் இந்தத் தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது. (இந்தப் பறவைக்குப் பிரெஞ்சில் 'தேந்த்' என்று பெயர், 'இந்தியாவைச் சேர்ந்தது' என்ற பொருளில் வந்தது. பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். பெயரிலேயே முகவரி தவறு.)

சிறுநீரகம் பழுதானவர்கள் சோடியத்தோடு நின்றுவிடக் கூடாது. பொருட்களின் பட்டியலில் 450, 451, 452 என்ற எண்கள் இருந்தால் அவை பாஸ்பேட்டுகள். கறியில் இயல்பாக இருக்கும் பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் குடல் உறிஞ்சும். சேர்த்த பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்குப் போய்விடும். ஊட்டச்சத்து அட்டவணையில் அதன் அளவு பெரும்பாலும் இருக்காது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு நான் இந்தப் பாக்கெட்டை வேண்டாம் என்றே சொல்கிறேன், பேரத்துக்கு இடமில்லை.

கர்ப்பிணிகளுக்கு வேறு காரணம். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெல்லப் பெருகும்; கருவைக் கலைக்கவும் வல்லது. துண்டை அப்படியே சாப்பிடாமல், ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே தொட வேண்டும்.

"புற்றுநோய் வருமாமே?" என்ற கேள்வியும் வராமல் இருக்காது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை, புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது. சான்று எவ்வளவு உறுதி என்பதற்கான பிரிவு அது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பொருள் இல்லை. தினமும் 50 கிராம் என்ற பழக்கம் பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பை 18 சதவீதம் கூட்டுகிறது என்பது அவர்கள் கணக்கு. வான்கோழி வெள்ளை இறைச்சிதானே என்று விலக்கு கேட்க முடியாது. பதப்படுத்திய கோழியினமும் அந்த வரையறைக்குள் வரும். மாதம் ஒருமுறை விருந்தில் சாப்பிடுபவரை நான் பயமுறுத்துவதில்லை. தினப்படிப் பழக்கம்தான் என் கவலை.

பெரியவருக்கு வான்கோழியை நிறுத்தச் சொல்லவில்லை. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் வளர்ப்பவர்கள் உண்டு. கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 என்ற இனமே இருக்கிறது. உறைய வைத்த பச்சைக் கறி என்றாலும் சரிதான், பட்டியலில் கறியைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இருந்தால். அரை கிலோ நெஞ்சுக்கறியை மிளகு, பூண்டு, கொஞ்சம் தயிர், அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து ஊறவைத்து, இட்லிப் பானையில் நன்றாக வேகவைத்து, ஆறிய பிறகு மெல்லியதாகச் சீவுங்கள் என்றேன். 100 கிராமுக்குச் சோடியம் பாக்கெட்டில் இருப்பதைவிட வெகு குறைவு. மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு சந்தேகம். "மேடம், கடைத் துண்டு இளஞ்சிவப்பாக இருந்தது. இது ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கிறது? கறி நல்லதுதானே?"

"வெந்த கறியின் நிறமே இதுதான் ஐயா. அது, அவர்கள் சேர்த்த நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு கொடுத்த சிவப்பு. உறையில் 250 என்று ஒரு எண் இருக்கும், பாருங்கள்" என்றேன்.

டப்பாவை மூடாமல் என் பக்கம் நகர்த்தினார். ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். மிளகு கொஞ்சம் தூக்கல்.