அணுத்தூசிக்கு எதிராக வீட்டுக்குள் ஒரு மறைவிடம்

அணுகுண்டு தரையை ஒட்டி வெடித்தால் மண்ணும் இடிபாடும் ஆவியாகி மேலே எழும்பும். ஆறும்போது கதிரியக்கப் பொருள் அதில் ஒட்டிக்கொண்டு, மணலாகவும் சாம்பலாகவும் காற்றடிக்கும் திசையில் கொட்டும். இது விஷவாயு அல்ல. கூரையிலும் தெருவிலும் கிடந்தபடியே, சுவரையும் ஊடுருவும் காமா கதிரை வீசும் தூசி.

காமாவைத் தடுப்பது எடைதான். ஏறத்தாழ 6 செ.மீ. கான்கிரீட் அல்லது 9 செ.மீ. இறுகிய மண் கதிரைப் பாதியாக்கும். அடுத்த 9 செ.மீ. மிச்சத்தைப் பாதியாக்கும். 27 செ.மீ. மண்ணைத் தாண்டி வருவது எட்டில் ஒரு பங்கு, 90 செ.மீ. மண்ணைத் தாண்டுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே மறைவிடத்துக்கு ஏற்றது, நிலவறை இருந்தால் அதன் மூலை. இல்லையென்றால் கூரைக்கும் வெளிச்சுவருக்கும் எட்டத்தில், வீட்டின் நடுவில் உள்ள அறை.

அங்கே கனமான மேசையைப் போட்டு, சுற்றிலும் மண் மூட்டை, செங்கல், புத்தகக் கட்டு என்று அடுக்கலாம். மேசைக்கு மேலேதான் ஆபத்து. 2 சதுர மீட்டர் பலகைமேல் 27 செ.மீ. மண் போட்டால் சுமார் 800 கிலோ! முட்டுக்கால் கொடுக்காமல் ஏற்றினால் கதிருக்கு முன் மேசையே ஆளை நசுக்கிவிடும். காமா பெரும்பாலும் நேர்கோட்டில் வருவதால் நுழைவாயிலை வளைத்து வையுங்கள்.

பலரும் சறுக்குவது காற்றில். இடுக்கையெல்லாம் டேப்பால் அடைத்துவிட்டு உள்ளே நாலு பேர் உட்கார்ந்தால், 400 வாட் ஹீட்டரைப் பெட்டிக்குள் வைத்த மாதிரி. வெப்பமும் கரியமில வாயுவும் ஏறிக்கொண்டே போகும். தூசி கொட்டும் நேரத்தில் ஜன்னலைச் சாத்துங்கள். ஆனால் மறைவிடத்துக்கும் வீட்டின் மற்ற பகுதிக்கும் இடையே, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகத் திறப்பு இருக்கட்டும். உள்ளே அடுப்போ மெழுகுவர்த்தியோ கூடாது.

எத்தனை நாள்? குண்டு வெடித்துக் கடந்த நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு சுமார் பத்தில் ஒன்றாகும். முதல் மணி நேர முடிவில் 1000 என்றால் 7 மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. ஆகவே முதல் நாள் வெளியே தலைகாட்டவே கூடாது. பிறகு வானொலி சொல்லும்வரை காத்திருங்கள். ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் வீதம் 14 நாளுக்கு 56 லிட்டர் தண்ணீர், மூடியுள்ள பாத்திரங்களில். மூடிய டப்பா உணவு காமா பட்டதால் கெடாது. மேலே படிந்த தூசியைத் துடைத்துவிட்டுத் திறந்தால் போதும்.

வெளியிலிருந்து வந்தவர் மேலாடையைக் கழற்றி, பையில் கட்டித் தள்ளி வைத்தாலே ஒட்டிய தூசியில் பெரும்பகுதி போய்விடும். சோப்பால் குளிக்கலாம், தலைக்குக் கண்டிஷனர் வேண்டாம், அது தூசியை முடியோடு பிணைத்துவிடும். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை தைராய்டுக்குள் கதிரியக்க அயோடின் சேராமல் தடுக்கும், அவ்வளவுதான். கூரைமேல் கிடக்கும் தூசிக்கு அது மருந்தல்ல.