'விவாதிக்கப்பட்டது' என்பது முடிவாகாது

நிறுவனச் செயலராக 20 ஆண்டுகளாக இயக்குநர் கூட்டங்களுக்கு மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, எழுதி வருகிறேன். சென்ற மாதம் ஒரு நூற்பாலையின் வாராந்திரக் கூட்டத்தில் அமர நேர்ந்தது. 14 பேர் 2 மணி நேரம் அமர்ந்திருந்தார்கள். ஒருவருடைய மூன்றரை நாள் உழைப்புக்கு அது சமம். கம்ப்ரஸருக்கான உதிரிபாகத்தைப் பற்றி அங்கே நான்காவது வாரமாகப் பேசினார்கள். கொள்முதல் பிரிவு ஆர்டர் போட்டிருக்கும் என்று பராமரிப்புப் பிரிவு நினைத்திருந்தது. கொள்முதல் பிரிவோ மேலாளரின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. மேலாளர் தாம் ஒப்புதல் அளித்துவிட்டதாகவே நம்பியிருந்தார். முந்தைய மூன்று வாரக் குறிப்புகளிலும் இருந்தது ஒரே வரிதான்: 'கம்ப்ரஸர் குறித்து விவாதிக்கப்பட்டது.' இந்த வரியை இன்னும் எத்தனை அலுவலகங்களில்தான் பார்ப்பது!

பேசி முடித்தாலே முடிவெடுத்தாகிவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். எல்லோரும் தலையசைத்ததும், யாரும் மறுக்காததும் தீர்மானம் ஆகிவிடாது. 'பார்த்துக்கொள்ளலாம்', 'செய்துவிடலாம்' என்ற சொற்களில் செய்பவர் யார் என்பதே இல்லை. வங்கிக் கணக்கு தொடங்குவதற்கான இயக்குநர் குழுத் தீர்மானத்தில் கையொப்பமிடுபவர் யார் என்று குறிப்பிடாவிட்டால் வங்கி அதைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கண்டிப்பு உங்கள் மேசையிலும் வேண்டும்.

பொதுவாக ஆண்டுக்கு 4 முறையேனும் கூட வேண்டிய இயக்குநர் குழுவுக்கே, 7 நாள் முன்னறிவிப்பும் 30 நாள்களுக்குள் மினிட்ஸ் பதிவும் வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம். வாரந்தோறும் கூடுகிறவர்கள் ஒரு தாளில்கூட எழுதிக்கொள்ளாமல் வந்து அமர்வது எந்த வகையில் நியாயம்?

அஜெண்டாவில் 'கம்ப்ரஸர்' என்று மொட்டையாக எழுதாதீர்கள்; 'உதிரிபாகத்தை யாரிடம், என்ன விலைக்கு வாங்குவது?' என்று கேள்வியாக எழுதுங்கள். விலைப்புள்ளிகளை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். தகவல் சொல்வதற்காக மட்டும் ஆட்களைக் கூட்டாதீர்கள். கலைவதற்கு 5 நிமிடம் முன்பு முடிவுகளை உரக்க வாசியுங்கள்; பொறுப்பேற்றவர் தம் வாயாலேயே தேதியைச் சொல்லட்டும்.

மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். குறிப்பெடுக்கும் இளைய ஊழியர், 'சார், இதை யார் பெயரில் எழுதிக்கொள்வது?' என்று கேட்டால் எரிந்து விழாதீர்கள். அந்த நூற்பாலையில் குறிப்பெடுத்த பெண், முதல் வாரமே அதைக் கேட்க நினைத்து, தயங்கி விட்டுவிட்டதாகப் பின்னர் என்னிடம் சொன்னார்.