எண்ணெய் வழியும் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள்: கார்ப் பயணிகளுக்கு ஒரு தோல் மருத்துவரின் வேண்டுகோள்

கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரியான முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூக்கின் இரு பக்கமும் தோல் உரிந்திருக்கும், கன்னம் சிவந்திருக்கும், தண்ணீர் பட்டாலே எரிகிறது என்பார்கள். என்ன போட்டீர்கள் என்று கேட்டால், "ஒன்றும் போடவில்லை டாக்டர், பயணத்தில் முகமெல்லாம் எண்ணெய் வழிந்தது, கழுவினேன், அவ்வளவுதான்" என்பார்கள். எத்தனை முறை கழுவினீர்கள், எதைக் கொண்டு கழுவினீர்கள் என்று தோண்டித் துருவினால்தான் உண்மை வெளியே வரும்.

கடைசியாக வந்தவர் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர். சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கும் வெளிமாநில நோயாளிகளை வேலூருக்கு அழைத்து வருவதும், சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் பிழைப்பு. வாலாஜாபேட்டை சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் நெற்றி மினுமினுக்கத் தொடங்கிவிடும் என்றார். நிறுத்தும் ஒவ்வொரு ஓட்டலிலும் கை கழுவுமிடத்தில் வைத்திருக்கும் திரவ சோப்பால் முகம் கழுவுவார். இடையில், காரில் இருக்கும் சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஒரு துடைப்பு. அன்றைக்கு இதெல்லாம் போதாதென்று சாலையோரக் கரும்புச்சாறு கடையில் அரை எலுமிச்சம்பழம் வாங்கி முகத்தில் அழுத்தித் தேய்த்துக்கொண்டு, கழுவாமல் வண்டியை எடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து வலது கன்னத்தில் கொப்புளங்கள். சாறு தாடை வரை வழிந்த தடம் பழுப்புக் கோடாக அப்படியே பதிந்திருந்தது. இடது கன்னத்தில் ஒன்றுமே இல்லை.

எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் புற ஊதா ஏ கதிர் விழுந்தால் இப்படித்தான் வெந்துபோகும். நம் ஊர் கார்களில் ஓட்டுநரின் வலது கன்னம்தான் ஜன்னல் பக்கம். கொப்புளம் சீக்கிரம் ஆறிவிடும், கறை மறைய மாதக்கணக்கில் ஆகும். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. முகத்தில் எண்ணெய் வழிய நின்றால், குளிக்காதவன் என்று காரில் ஏறுகிறவர்கள் நினைத்துவிடுவார்களே என்றார். இந்தக் கூச்சம் அவருக்கு மட்டும் உரியதல்ல. தினமும் என் முன்னால் வந்து உட்காரும் பாதிப் பேருக்கு இருக்கிறது. ஆகவே முதலில் அதைத்தான் பேச வேண்டும்.

முகத்து எண்ணெய் அழுக்கு அல்ல. சாலைத் தூசி படிந்து உண்டாவதும் அல்ல. வியர்வையும் அல்ல. ஆம்பூரில் இறங்கிச் சாப்பிட்ட பிரியாணியின் நெய் இரத்தத்தில் ஏறி நெற்றி வழியாக வடிவதும் இல்லை. (பிரியாணி மீது பழிபோடுகிறவர்கள், கூடவே குடிக்கும் சர்க்கரை நிறைந்த குளிர்பானத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. பருவோடு தொடர்புண்டு என்று ஆய்வுகள் சுட்டிக்காட்டுவது சர்க்கரையைத்தான்.) மினுமினுப்பது சீபம் என்ற எண்ணெய். மயிர்க்கால்களோடு ஒட்டியிருக்கும் நுண்சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. நெற்றியிலும் மூக்கிலும் மோவாயிலும் அவை நெருக்கமாக இருக்கின்றன, அதனால் அங்கேதான் முதலில் பளபளக்கும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை ஹார்மோன்களும் பரம்பரையும் முடிவு செய்கின்றன. தோலின் வெப்பம் ஏறினால் சுரப்பும் ஏறும். வேலூர் வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள் ஏறி உட்கார்ந்தால் அது குறையுமா, கூடுமா என்று நான் சொல்லத் தேவையில்லை.

சோப்பு இந்தச் சுரப்பியைத் தொடுவதே இல்லை. மேலே வந்து நிற்கும் எண்ணெயை வழித்தெடுக்கிறது, அவ்வளவுதான். சுரப்பி தன் வேலையை நிறுத்தாமல் செய்கிறது. சில மணி நேரத்தில் முகம் பழையபடி ஆகிவிடுகிறது. உடனே இந்த சோப்பு சரியில்லை, இன்னும் காரமான சோப்பு வேண்டும் என்கிறார்கள். ஐந்து முறை கழுவினாலும் பத்து முறை கழுவினாலும் சுரப்பி வற்றப்போவதில்லை. வற்றுவது வேறொன்று. தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்து, எரிச்சலூட்டும் பொருள்களை உள்ளே விடாமல் காக்கும் கொழுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு கழுவலிலும் அவைதான் கரைந்து போகின்றன. தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது. குளியல் சோப்புகளில் பெரும்பாலானவை காரத்தன்மை கொண்டவை. கழுவியதும் முகம் இறுகிப் பிடிப்பதைச் சுத்தத்தின் அடையாளம் என்று மகிழ்கிறார்கள். அது தோல் காய்ந்துவிட்டதன் அடையாளம்.

ஒரே முகம் எண்ணெயாகவும் வறண்டும் இருக்கலாம் என்பதை நம்ப வைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. எண்ணெய் சுரப்பியிலிருந்து வருகிறது, ஈரம் மேலடுக்கில் தங்குகிறது. இரண்டும் வேறு வேறு. வெளியே நாற்பது டிகிரி கொளுத்த, உள்ளே ஏசி முழு வேகத்தில் ஓட, அந்த உலர்ந்த காற்று நேராக முகத்தில் அடிக்கும்போது மேலே பளபளப்பும் அடியில் வறட்சியுமாகத்தான் முகம் இருக்கும். எண்ணெய்ச் சருமத்துக்கு எதற்கு மாய்ஸ்சரைசர் என்று கேட்காதீர்கள். ஜெல் வடிவில், எண்ணெய் இல்லாததாக வாங்கி மெல்லியதாகப் பூசுங்கள். ஏசி காற்றை முகத்தை விட்டு மார்புப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

சரி, பயணத்தில் எண்ணெய் வழிந்தால் என்னதான் செய்வது? ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். மருந்துக் கடையிலோ அழகுசாதனக் கடையிலோ ப்ளாட்டிங் பேப்பர் கிடைக்கும். இல்லாவிட்டால் மணமில்லாத சாதாரண டிஷ்யூ போதும், துவைத்த பருத்திக் கைக்குட்டையும் போதும். நெற்றியில் வைத்து ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால் எண்ணெய் அதில் ஏறிவிடும், தோலுக்கு ஒரு கேடும் இல்லை. வியர்த்துக் கொட்டினால் வெறும் தண்ணீரில் முகம் கழுவிக்கொள்ளுங்கள். ஃபேஸ்வாஷ் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. பயண நாள் என்பதற்காக அது ஐந்தாக வேண்டியதில்லை. வாசனை ஏற்றிய ஈரத் துடைப்பான்கள் வேண்டாம். சானிடைசர் கைக்கு உண்டானது, அதை முகத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சை, தக்காளி, உப்பு, சர்க்கரை எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும். புறப்படும் முன் முல்தானி மட்டி போட்டுக் காயவிட்டுச் சுரண்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

ஓட்டுநர்களின் துண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருக்கையின் பின்புறத்தில் போட்டிருக்கும் அதே துண்டு கழுத்து வியர்வையைத் துடைக்கிறது, கையைத் துடைக்கிறது, டேஷ்போர்டைத் துடைக்கிறது, மூடுபனி நாளில் கண்ணாடியையும் துடைக்கிறது. கடைசியில் முகத்துக்கும் வருகிறது. நெற்றியோரத்தில் பொடிப்பொடியாகப் பருக்களோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தத் துண்டைப் பற்றித்தான். அடுத்த கேள்வி தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் பற்றியது. எண்ணெய் வைத்த தலையைக் கழுத்துத் தலையணையில் சாய்த்துத் தூங்கி, அதே தலையணையில் கன்னத்தையும் வைத்தால் துவாரங்கள் அடைபடத்தான் செய்யும். பயணத்துக்கு முந்தின இரவு தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், தலையணை உறையை அடிக்கடி துவையுங்கள்.

முகூர்த்தத்துக்கு அலங்காரத்தோடு காரில் கிளம்பும் பெண்கள் கவனிக்க: பளபளப்பு தெரிந்ததும் அதன் மேலேயே பவுடரை அப்பினால் திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு லேசாகப் பவுடர். மண்டபத்திலிருந்து திரும்பியதும் அலங்காரத்தைக் கலைக்காமல் தூங்கிவிடாதீர்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் இரண்டு சாக்குகளைக் கேட்டுச் சலித்துவிட்டேன். ஒன்று, கார் கண்ணாடிதான் மூடியிருக்கிறதே என்பது. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அது புற ஊதாக் கதிர்களை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். பக்கத்து ஜன்னல் அப்படியல்ல. தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் பி கதிரை அது தடுக்கும், கறையையும் சுருக்கத்தையும் உண்டாக்கும் ஏ கதிரில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். சுடவில்லை என்பதால் தெரியவில்லை, அவ்வளவுதான். கருப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: உச்ச நீதிமன்றம் 2012-லேயே அதற்குத் தடை விதித்தது. இரண்டாவது சாக்கு, சன்ஸ்கிரீன் பூசினால் இன்னும் வழிகிறது என்பது. நீங்கள் பூசியது கெட்டியான கிரீம். ஜெல் வகையாகக் கேட்டு வாங்குங்கள். எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையக் கூடாது, ஏ கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் பி.ஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி, முகம், கழுத்து, காது என்று பூசிக்கொண்டு கிளம்புங்கள். பெங்களூரு, திருப்பதி என்று நீண்ட பயணமானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெயை ஒற்றிவிட்டு மறுபடி பூசுங்கள். அந்தக் குழாயை டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் மருந்து கெட்டுவிடும்.

இத்தனையும் செய்தும் எண்ணெய் கட்டுக்கடங்காமல் இருந்தால் அதற்கு மருந்து உண்டு. சாலிசிலிக் அமிலம், நியாசினமைடு, அடாபலீன் என்று ஆளுக்கேற்றபடி கொடுப்போம். ஐசோட்ரெடினாயின் மாத்திரையை மட்டும் தோழி சாப்பிட்டாள் என்று நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். கருவுற்றிருக்கும்போது அது உள்ளே போனால் குழந்தை கடுமையான குறைகளோடு பிறக்கக்கூடும். மாதவிலக்கு தவறுவதும் மோவாயில் முடி வளர்வதும் எண்ணெயோடு சேர்ந்தே வந்தால், முகத்தை விட்டுவிட்டு முதலில் ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எல்லாப் பளபளப்பும் எண்ணெய் அல்ல. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒற்றிப் பார்த்தால் காகிதத்தில் ஒன்றும் ஏறாது, ஆனாலும் கன்னம் மெழுகு பூசியதுபோல் மினுங்கும், சிவப்பு நரம்புகள் தெரியும். இப்படி வருகிறவர்களின் பையைத் திறந்தால் சிவப்பழகு கிரீம் என்று பெட்டிக்கடையிலும் மருந்துக் கடையிலும் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு இருக்கும். தோல் மெலிந்து போனதால் வரும் மினுமினுப்பு அது. 2018-லேயே மத்திய அரசு இந்தக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்றும் கேட்டால் கிடைக்கிறது என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. போட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். முகம் கொதித்துச் சிவக்கும். அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே தேடிப் போவீர்கள். குழாயையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், படிப்படியாக விடுவிப்போம்.

இன்னொன்று அரிது. ஆனால் தொழுநோய் சிகிச்சைக்காகவே 1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஒரு மருத்துவமனை எழுந்த மண்ணில் தொழில் செய்கிறவர்கள் இதைக் கண்ணில் வைத்துக்கொண்டேதான் நோயாளியைப் பார்ப்போம். முகம் தடித்துப் பளபளத்து, காதுமடல் பருத்து, புருவத்தின் வெளிமுனையில் முடி உதிர்ந்து, கையிலோ காலிலோ மரத்துப்போன இடமும் இருந்தால் ஃபேஸ்வாஷை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம். உரிய காலத்தில் தொடங்கி முழுவதுமாகச் சாப்பிட்டால் நோய் குணமாகும், ஊனமும் வராது.