முடக்குவாத மாத்திரை: வாரத்துக்கு ஒருக்காதாங்க, தினமும் இல்ல

முடக்குவாதத்துக்குக் குடுக்கற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒருக்கா மட்டுந்தாங்க. ஃபார்மசிஸ்ட்டா இத தினமும் கவுண்டர்ல சொல்றேன், அப்பவும் பத்தலைனு தோணுது.

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனில செக்கிங், டெய்லர் வேலைக்குப் போற அக்காமாரு நெறைய பேரு காலைல எந்திரிச்சா விரல மடக்க முடியாம, காபி டம்ளர் புடிக்க முடியாம ஒரு மணி நேரம் உக்காந்திருப்பாங்க, வேலை செஞ்ச வலினு தைலம் தேச்சுட்டு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டுட்டு மாசக்கணக்குல ஓட்டிருவாங்க. இது தேய்மானம் இல்லீங்க, முடக்குவாதம். உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டு சவ்வத் தாக்குது, விட்டா எலும்ப அரிச்சு விரலக் கோணலாக்கிரும். வலி மாத்திரை வலிய அமுக்கும், அரிப்ப நிறுத்தாது. அத நிறுத்தற மெத்தோட்ரெக்ஸேட் கேக்கறதுக்கு 6ல இருந்து 12 வாரம் ஆகும், அதுக்குள்ள சிலபேரு விட்டுர்றாங்க, சிலபேரு சீக்கிரம் கொணமாகட்டும்னு தினமும் போட்டர்றாங்க.

ஒரு அக்கா வந்தாங்க. "ஏங்கண்ணு, வாயெல்லாம் புண்ணு, ரசஞ்சோறு கூட எறங்க மாட்டேங்குது"ன்னாங்க. பையில இருந்த ஸ்ட்ரிப்ப வாங்கிப் பாத்தா மெத்தோட்ரெக்ஸேட் பத்தும் காலி, அதோட பக்க விளைவக் கொறைக்கக் கூடக் குடுக்கற ஃபோலிக் ஆசிட் வைட்டமின் ஸ்ட்ரிப் அப்படியே கெடக்குது. ரெண்டும் சின்ன மஞ்ச மாத்திரை, மாத்திப் போட்டுட்டாங்க. உடனே டாக்டர்கிட்ட அனுப்பினோம், ரத்தத்துல வெள்ளணு கொறஞ்சு போச்சு, அட்மிட் பண்ணி ஊசி போட்டுத்தான் தேத்துனாங்க. படிச்சவங்க வீட்லயும் இது நடக்குது, அதனால யாரையும் கொற சொல்லாதீங்க.

நான் எல்லார்த்துக்கும் சொல்றது சனிக்கிழமை. சம்பள நாளு, மறக்காது, ராத்திரி சாப்ட்டுட்டுப் போட்டுப் படுத்தா கொமட்டலு இருந்தாலும் ஞாயித்துக்கெழம லீவுல போயிரும். தோட்டத்து வேலைன்னா உங்கூரு சந்தை நாள வெச்சுக்கோங்க. ஸ்ட்ரிப் மேல மார்க்கர்ல கெழமைய எழுதி, ஃபோலிக் ஆசிட்ட வேற டப்பால போட்டு வையுங்க, அது எந்தெந்த நாள்னு டாக்டர் சொன்னபடி. ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா அடுத்த வாரம் ரெண்டு மடங்கா போட வேண்டாம், கேட்டுட்டுப் போடுங்க.

ரத்த டெஸ்ட்ட மட்டும் தள்ளிப் போடாதீங்க, ரத்த அணு, ஈரல், கிட்னி மூணும் பாக்கோணும். சாராயம் கூடவே கூடாது. கொழந்தைக்குத் திட்டம் இருந்தா முன்கூட்டியே சொல்லீருங்க, இந்த மருந்து கருவுக்கு ஆகாது, மாசக்கணக்குல முன்னாடியே நிறுத்தோணும். நாட்டு மருந்துன்னு தர்ற பொட்டணத்துல ரெண்டே நாள்ல வலி மாயமாப் போச்சுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கான்னு சந்தேகப்படுங்க. காய்ச்சல், மூச்சு வாங்கறது, வாய்ப்புண்ணுன்னு வந்தா அந்த வார மாத்திரையப் போடாம அன்னிக்கே டாக்டரப் பாருங்க, வேற டாக்டர்கிட்ட போனாலும் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடறேன்னு மொதல்ல சொல்லுங்க, மூத்திரத் தொற்றுக்கு எழுதற சில சல்ஃபா மாத்திரை இதோட சேந்தா ரத்த அணு அதலபாதாளத்துக்குப் போயிரும்.