அலுமினியம் குளோரைடு: பாதிப் பெயர் நம்ம ஊர் சலூனில்தான் இருக்கிறது

அலுமினியமும் குளோரினும் சேர்ந்த உப்பான அலுமினியம் குளோரைடுக்குச் சரியான தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டால், நான் முதலில் ஒரு சலூனுக்குக் கூட்டிப்போவேன். சவரம் முடிந்ததும் கடைக்கார அண்ணன் கண்ணாடி போன்ற ஒரு கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தாடையில் தேய்ப்பாரே, கத்தி பட்ட இடத்தில் சுரீர் என்று இழுத்து ரத்தம் நின்றுவிடுமே, அந்தக் கல் படிகாரம். கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் திருஷ்டிக்குத் தொங்குவதும் அதுவேதான். சீனாக்காரம் என்றும் பெயர் உண்டு. லத்தீன் மொழியில் அதை அலூமென் என்றார்கள், அலுமினியம் என்ற பெயர் பிறந்தது அந்த அலூமெனிலிருந்துதான். அதாவது உலோகத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, படிகாரத்துக்குள் ஏதோ ஒரு உலோகம் ஒளிந்திருக்கிறது என்று ஊகித்து அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

வைத்தவர் இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. அவரும் ஒரே பெயரில் நிற்கவில்லை: 1808இல் அலுமியம் என்றார், 1812இல் அலுமினம் என்று மாற்றினார். சோடியம், பொட்டாசியம் வரிசையோடு ஒத்துப்போகட்டும் என்று மற்றவர்கள் அதை அலுமினியம் ஆக்கினார்கள். அமெரிக்கர்கள் இன்றும் அலுமினம்தான். நாம் பிரிட்டிஷ்காரர்களிடம் வாங்கிக்கொண்டதால் நமக்கு அலுமினியம்.

குளோரைடு பக்கம் வருவோம். குளோரின் வாயுவை 1774இலேயே ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் தயாரித்துவிட்டார். ஆனால் அது ஒரு தனிமம் என்று 1810இல் சொல்லி, வெளிர்பச்சையைக் குறிக்கும் குளோரோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் கொடுத்தவர் மறுபடியும் டேவிதான். தமிழில் அதற்குப் பாசிகம் என்று ஒரு ஆக்கம் உண்டு, பாசி நிறத்தை வைத்து. கிரேக்கப் பெயரும் நிறத்தை வைத்துத்தான் என்பதால் நல்ல மொழிபெயர்ப்புதான். வழக்கில் நிற்கவில்லை, அவ்வளவே.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். குளோரின் என்ற பெயரே இல்லாத காலத்திலும் தமிழில் குளோரைடுகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சோற்றுப்பு சோடியம் குளோரைடு, நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு, சித்த மருத்துவத்தில் வரும் வீரமும் பூரமும் பாதரசத்தின் இரண்டு குளோரைடுகள். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தது. இவையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லும் குடும்பப் பெயர்தான் இல்லை, அந்த இடத்தை குளோரைடு வந்து நிரப்பியது. அதனால் இந்தச் சொல்லை இரவல் என்று குறையாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு வேடிக்கை, படிகாரத்தில் இருக்கும் காரம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்தில் காரம் என்றால் அமிலத்துக்கு எதிரி. படிகாரத்தைக் கரைத்த நீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள், சிவக்கும்! பழைய வழக்கில் காரம் என்பது உறைப்பான, அரிக்கிற பொருளுக்கெல்லாம் பொதுப்பெயர். வெங்காரம் (போராக்ஸ்) நிஜமாகவே பாடப்புத்தகக் காரம், படிகாரம் அமிலக் கட்சி. அழுக்கைப் படியவைப்பதால் படி-காரம் என்று பிரித்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வடக்கே அதே கல்லுக்கு ஃபிட்கரி என்று பெயர் இருப்பதைப் பார்த்தால், ஸ்படிகம், படிகம் இவற்றின் உறவுக்காரச் சொல் என்றுதான் எனக்குப் படுகிறது.

அலுமினியம் குளோரைடும் அதே அமிலக் கட்சி, இன்னும் தீவிரமான உறுப்பினர். ஒரு அலுமினிய அணுவோடு மூன்று குளோரின் சேர்ந்தாலும் அலுமினியத்தின் வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்தான், நிறைவுக்கு வேண்டிய எட்டுக்கு இரண்டு குறைவு. அந்தக் குறையை நிரப்ப யாரிடமாவது கை நீட்டிக்கொண்டே இருக்கும். ஆவியாக இருக்கும்போது இரண்டு மூலக்கூறுகள் ஒன்றின் குளோரினை மற்றது பிடித்துக்கொண்டு ஜோடியாகத் திரியும். இப்படி எலக்ட்ரான் ஜோடியை வாங்கிக்கொள்ளும் பொருளுக்குத்தான் லூயி அமிலம் என்று பெயர்.

கல்லூரி ஆய்வகத்தில் ரொம்ப நாள் திறக்காத ஒரு புட்டியைத் திறந்தேன். மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று ஒரு சத்தம், கூடவே மூக்கைக் குத்தும் வெண்புகை. உள்ளே இருந்தது வெள்ளைப் பொடி என்று சொல்வார்கள், நான் பார்த்தது இளமஞ்சள், இரும்பு கலந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, புகை அதனால்தான். இந்த வகையை நீரற்ற அலுமினியம் குளோரைடு என்கிறோம். சூடாக்கினால் சுமார் 180 டிகிரி செல்சியஸில் உருகாமல் நேரே ஆவியாகும், அதாவது பதங்கமாகும். பதங்கம் சித்த மருத்துவர்களின் சொல், வீரமும் பூரமும் செய்கிற முறைக்கே அந்தப் பெயர்தான். நீரற்ற, பதங்கமாதல், இந்த இரண்டு சொற்களும் எந்தப் புதுப் பெயரையும் விட எனக்குப் பெரிய சாதனையாகத் தெரிகின்றன, கேட்டவுடன் விளங்குகின்றன.

நீரேறிய வகை வேறு குணம். ஒவ்வொரு அலுமினியத்தோடும் ஆறு நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும், புகையாது. சரி, அதை வறுத்து நீரை ஓட்டிவிட்டால் நீரற்றது கிடைக்குமா என்றால் கிடைக்காது. குளோரினும் ஹைட்ரஜன் குளோரைடாகக் கூடவே போய்விடும், கடைசியில் சட்டியில் மிஞ்சுவது அலுமினிய ஆக்சைடு.

அலுமினிய உலோகம் வெளிச்சத்துக்கு வந்ததே இந்த உப்பின் வழியாகத்தான். டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1825இல் அலுமினாவையும் (அதே அலுமினிய ஆக்சைடுதான்) கரியையும் கலந்து பழுக்கக் காய்ச்சி அதன்மேல் குளோரினைச் செலுத்தி அலுமினியம் குளோரைடு செய்தார், அதைப் பொட்டாசியம் கலந்த பாதரசத்தோடு சேர்த்துச் சூடாக்கி, பாதரசத்தை வடித்து எடுத்தபோது தகரம் மாதிரி மின்னும் ஒரு சிறு கட்டி மிஞ்சியது. அப்புறம் 1877இல் பாரிசில் சார்லஸ் ஃபிரீடலும் அமெரிக்கரான ஜேம்ஸ் கிராஃப்ட்ஸும் பென்சீன் வளையத்தில் புதுக் கிளைகளை ஒட்டவைக்க இந்த உப்பு உதவுகிறது என்று கண்டார்கள். பிளஸ் டூ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஃபிரீடல்-கிராஃப்ட்ஸ் வினை அதுதான். தெர்மாகோலுக்கு மூலமான ஸ்டைரீனும், வலி மாத்திரையான ஐபுப்ரோஃபெனின் பழைய தயாரிப்பு முறையும் அந்த வழியில் வந்தவை.

வீட்டில்? அக்குளில் போடுகிற ரோல்-ஆன் சிலவற்றில் இதன் சாந்தமான தம்பி அலுமினியம் குளோரோஹைட்ரேட் இருக்கும். 1903இல் அமெரிக்காவில் வந்த எவர்டிரை என்ற வியர்வை மருந்தில் நேரடியாக அலுமினியம் குளோரைடே இருந்தது. உள்ளங்கை ஊற்றெடுப்பவர்களுக்குத் தோல் மருத்துவர் எழுதித்தரும் 20 சதவீதக் கரைசலும் இதன் நீரேறிய வகைதான். வியர்வைக் குழாயின் வாயில் ஒரு சின்ன அடைப்பை உண்டாக்கும், வேறொன்றும் மாயமில்லை. இரவில், நன்றாக உலர்ந்த தோலில் போடச் சொல்வார்கள். ஈரத்தில் போட்டால் உண்டாகும் அமிலம் எரிச்சல் தரும், சவரம் செய்த கையோடு போட்டால் கேட்கவே வேண்டாம். பல் மருத்துவர் ஈறில் ரத்தத்தை நிறுத்தச் சொருகும் நூலில் பல சமயம் இதே உப்புதான் ஊறியிருக்கும், சலூன் கல்லின் வேலைதான் அங்கேயும். குடிநீர் நிலையங்களில் படிகாரத்துக்குப் பதிலாகப் பாலி அலுமினியம் குளோரைடு போட்டும் கலங்கலைத் தெளியவைக்கிறார்கள். படிகாரம் சல்பேட் உப்பு, இது குளோரைடு. அழுக்கைத் திரட்டி அடியில் தள்ளுவது இரண்டிலும் அலுமினியம்தான்.

அப்போ தமிழ்ப் பெயர்? ஆசைக்கு, அலூமெனை அப்படியே பெயர்த்துப் படிகாரியம் என்று அலுமினியத்தை அழைக்கலாம், படிகாரியப் பாசிகை என்றும் எழுதிப் பார்க்கலாம். படிக்கிறவர் ஏதோ ஜோதிடம் என்று நினைத்துக்கொள்வார். நான் அலுமினியம் குளோரைடு என்றுதான் எழுதுவேன். நீரற்ற, நீரேறிய என்ற அடைமொழியை மட்டும் விடமாட்டேன், அதை விட்டால் புட்டியைத் திறப்பவர் பாடு திண்டாட்டம். இலங்கைப் பாடநூல்களில் குளோரைட்டு என்று இருக்கும், அதுவும் சரியே. மரம், பெட்டி சேர்ந்து மரப்பெட்டி ஆவதுபோல அலுமினியக் குளோரைடு என்று சேர்த்து எழுதினாலும் இலக்கணம் கோபித்துக்கொள்ளாது. அலுமினிய குளோரைடு என்று மகரத்தையும் விழுங்கி வல்லினத்தையும் போடாமல் எழுதுவதுதான் கண்ணை உறுத்துகிறது.