டைல்ஸ் கடைக்குக் கடைசியாகப் போங்கள்

குளியலறையைப் புதுப்பிக்கலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்ததும் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ குடும்பத்தோடு முதலில் போகும் இடம் டைல்ஸ் கடைதான். நிறத்தையும் பளபளப்பையும் மழைபோலக் கொட்டும் ஷவரையும் பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்த பிறகே கொத்தனாருக்கு போன் போகும். இந்த வரிசை தலைகீழ் என்பது என் கருத்து. கழிவுநீர் போய்ச் சேரும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். அங்கிருந்து குழாய், தரை, சுவர் என்று பின்னோக்கி வந்தால் டைல்ஸ் கடைசியில்தான் வரும். மற்ற ஊர்களில் வரிசை மாறினாலும் ஓரளவு தப்பிக்கலாம். காவிரி டெல்டாவில் தப்பிக்க முடியாது, ஏனென்றால் இங்கே நிலத்தடி நீர் நம் காலுக்கு மிக அருகில் இருக்கிறது.

பழைய வீடுகளில் குளியல் கிணற்றடியில். கழிவறை கொல்லையின் கோடியில். குளித்த தண்ணீரை வாழையும் தென்னையும் குடித்தன. அந்தத் தண்ணீரை இன்று படுக்கையறைச் சுவருக்கு மறுபுறம் கொண்டுவந்துவிட்டோம்.

செப்டிக் டேங்க் கழிவைச் சுத்திகரித்து அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு தெளியவைக்கும் தொட்டி. கனமானவை அடியில் சேறாகப் படிகின்றன, எண்ணெய்ப்பசை மேலே ஆடையாக மிதக்கிறது. காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியா சேற்றின் ஒரு பகுதியைத் தின்று வாயுவாக்குகிறது. நடுவிலுள்ள கலங்கல் நீர் வெளியே போகிறது, அதில் நோய்க்கிருமிகள் ஏராளமாக இருக்கும். அவற்றை வடிகட்டும் வேலை மண்ணுடையது. ஈரம் குறைந்த மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டும், நீர் மெல்ல இறங்க வேண்டும், அப்போதுதான் கிருமிகள் மண்துகளில் ஒட்டி மடியும். டேங்க்கிலிருந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று பொறியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். குடிநீர்க் கிணறு அந்தக் குழியிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருப்பது நல்லது.

சித்திரையில் குழி தோண்டினால் அந்த இடைவெளி தாராளமாகத் தெரியும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடி, வயல்கள் நிரம்பி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் சேரும்போது அதே குழிக்குள் நிலத்தடி நீர் ஏறி வந்துவிடும். குழி வாங்க மறுக்கும், டேங்க் நிரம்பும், கழிப்பறையில் தண்ணீர் இறங்காது. ஆகவே நீர்மட்டத்தைக் கார்த்திகையில் கிணற்றில் பார்த்துக் குறித்துக்கொண்டு, பங்குனி சித்திரையில் தோண்டுவதே சரி. ஆழமாக உறை இறக்குவதைவிட, ஆழம் குறைவாகவும் அகலம் அதிகமாகவும் மேடான இடத்தில் அமைப்பது டெல்டாவுக்குப் பொருந்தும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் வழிந்த நீரைத் தெரு வாய்க்காலில் திருப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. நம் வீட்டுப் பிரச்சினையைக் கடைமடைக்கு அனுப்பும் வேலை அது.

மழைக்காலத்தில் டேங்க்கைக் காலி செய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிலத்தடி நீரில் முழுக மூழ்கிக் கிடக்கும்போது, ஏறத்தாழ 2 டன் விசை அதை மேலே தள்ளுகிறது. உள்ளே கழிவு இருக்கும்வரை எடை சமமாகும். உறிஞ்சி எடுத்துவிட்டால் ஆர்க்கிமிடீஸ் விதி தன் வேலையைக் காட்டும்: தொட்டி மிதந்து எழும், அல்லது குழாய் இணைப்பு முறியும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதைக் கோடையில் வைத்துக்கொள்ளலாம். இயந்திர லாரிதான் அதைச் செய்ய வேண்டும். ஆளை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சுகளிலேயே ஆளை வீழ்த்தக்கூடியது.

இனி குழாய். 1775இல் லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் கழிப்பறைக் குழாயை எஸ் வடிவில் வளைத்துக் காப்புரிமை பெற்றார். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயுவுக்கும் நம் மூக்குக்கும் இடையிலுள்ள கதவு அந்தத் தண்ணீர்தான். குளியலறைத் தரையின் வடிகால் வாயில் பதிக்கும் நானி டிராப்பும் இதே தத்துவத்தில் இயங்குகிறது. நிற்கும் நீரின் ஆழம் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மலிவான டிராப்புகளில் அது பாதிகூட இருப்பதில்லை. வாங்கும்போது ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அளந்து பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இந்த நீர் இரண்டு வழிகளில் காணாமல்போகும். ஒன்று ஆவியாதல். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, மாடிக் குளியலறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இங்கே ஏராளம். விடுமுறைக்கு வந்தவர்கள் கதவைத் திறந்ததும் வரும் நாற்றத்துக்கு டிராப் வறண்டதே காரணம். பூட்டும் முன் டிராப்பில் நீர் ஊற்றி, மேலே சில துளி எண்ணெய் விட்டால் ஆவியாவது மட்டுப்படும். மற்றொன்று உறிஞ்சப்படுதல். மேலிருந்து ஒரு பெரும் நீர்த்தொகுதி குழாயில் விழும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. பக்கத்து டிராப்பில் நிற்கும் நீரை அது இழுத்துக்கொண்டு போய்விடும். செங்குத்துக் குழாயை மொட்டைமாடிவரை நீட்டி, மேல்முனையைத் திறந்து வைப்பது இதைத் தடுக்கத்தான். அழகு கெடுகிறது என்று அதை அறுத்து மூடிவிடுகிறவர்களை என்ன சொல்வது?

வடிகாலை நோக்கித் தரைக்கு வாட்டம், அதாவது சரிவு, மீட்டருக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் போதும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், டைல்ஸ் பதித்த மறுநாள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டால் தேங்கும் மூலை தானே காட்டிக்கொடுக்கும்.

களிமண் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆற்றோரப் படுகைகளில் மண் சற்று மணற்பாங்காக இருக்கும். திருவாரூர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனால் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் களி. அதிலுள்ள தாதுக்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டவை. தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும், வெளியேறினால் சுருங்கும். கொல்லைப்புறம் வீட்டோடு ஒட்டி, ஆழமில்லாத அஸ்திவாரத்தில் கட்டிய புதுக் குளியலறை ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறது. பழைய வீட்டின் அஸ்திவாரம் ஆழத்தில் இருப்பதால் அசைவதில்லை. இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழுவதைச் சிமெண்ட் பூசி நிறுத்த முடியாது. அங்கே சுவர்களைப் பிணைக்காமல் இடைவெளி விட்டு, நெகிழும் பசையால் அடைப்பதே வழி. மண்ணுக்குள் போகும் குழாய்க்கும் சுற்றிலும் மணல் நிரப்ப வேண்டும்.

சுவரில் ஓதம் ஏறுவது டெல்டாவின் தீராத புகார். செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகளில் நீர் தானாகவே மேலேறும், துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குழலில் நீர் ஒன்றரை சென்டிமீட்டர்தான் ஏறும். ஆரம் நூறில் ஒரு பங்கானால் கணக்குப்படி ஒன்றரை மீட்டர். ஏறிய நீர் சுவர்ப்பரப்பில் ஆவியாக, கூடவே வந்த உப்பு அங்கேயே படிகமாகி, வளர வளரப் பூச்சை உடைத்துத் தள்ளுகிறது. சுவர் பொரிவது இப்படித்தான். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரே உவர்ப்பு என்பதால் பாதிப்பும் கூடுதல். பொரிந்த சுவர்மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்தால், ஆவியாக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, டைல்ஸ் முடியும் இடத்தில் பொரியும்.

குளியலறை நீர் அடுத்த அறைக்கு ஓதமாகப் போகாமல் தடுப்பது டைல்ஸ் என்று நம்பாதீர்கள். டைல்ஸ் இடுக்குகளில் உள்ள சிமெண்ட் நீரை விடும். தடுப்பது அதன் அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சுதான். பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக இரண்டு முறை, சுவரில் ஓரடி உயரம்வரையும், ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கும் ஏற்றிப் பூச வேண்டும். ஒழுகுவது பெரும்பாலும் தளத்தைக் குழாய் துளைக்கும் இடத்திலும் சுவரும் தரையும் சேரும் மூலையிலும்தான். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் குறைந்தால் ஒழுகலா, ஆவியா என்ற சந்தேகம் வரும். அதே அறையில் ஓர் அகலமான தட்டில் நீர் வைத்து, இரண்டிலும் குறைந்த அளவை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். வேலையை முடிக்கும் அவசரத்தில் ஒப்பந்தக்காரர் இந்த இரண்டு நாளைத் தரமாட்டார். சண்டை போட்டாவது வாங்குங்கள்.

இப்போது டைல்ஸ் கடைக்குப் போகலாம். அங்கே பார்க்கும் சரக்கில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வந்தது. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்குமேல் நீரை உறிஞ்சாது. சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்குமேல் உறிஞ்சும். பழைய கொத்தனார்கள் டைல்ஸை ஊறப்போட்டுப் பதித்ததற்குக் காரணம் இருந்தது. உலர்ந்த செராமிக், சிமெண்ட் இறுகத் தேவையான நீரைக் குடித்துவிடும். விட்ரிஃபைடில் சிமெண்ட் பால் நுழைந்து பிடித்துக்கொள்ளத் துளையே இல்லை. அதை ஊறவைத்தாலும் பயனில்லை, வெறும் சிமெண்ட் சரிவரப் பிடிக்காது. அதற்கென்று விற்கும் பசையை முழுப்பரப்பிலும் சீவித் தடவ வேண்டும். நாலு மூலையில் உருண்டை வைத்து ஒட்டினால், தட்டும்போது டொக்கென்று வெற்றொலி கேட்கும். தரைக்குச் சொரசொரப்பான ரகம், வழுக்கல் தரம் ஆர்11 என்று அட்டையில் அச்சிட்டது, முதியவர் இருக்கும் வீட்டுக்கு அவசியம்.

5க்கு 8 அடி அறை என்றால் தரை 40 சதுர அடி. 7 அடி உயரம்வரை சுவர், கதவு நீங்கலாக, சுமார் 165. வெட்டும் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்து 225 சதுர அடி வாங்கலாம். எல்லாப் பெட்டியிலும் நிற எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், பின்னால் வாங்கினால் நிறம் மாறும்.

மழை ஷவர் வாங்கும் முன் ஒரு கணக்கு. 10 மீட்டர் நீர் உயரம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம். மாடியில் குளிக்கும்போது மேல்தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே 2 மீட்டர்தான் இருக்கும், அதாவது 0.2 பார். கடையில் கொட்டிக் காட்டும் ஷவர்கள் பலவற்றுக்கு 1 பார் வேண்டும். அழுத்தமேற்றும் மோட்டார் வைக்காவிட்டால் வீட்டில் அது சொட்டும்.

போர் தண்ணீர் கடினமானால் ஷவர் துளைகளும் அடைபடும். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கார்பனேட்டாகப் படிவதுதான் கெய்சருக்குள் சேரும் வெண்படலம். குழாய்ச் சல்லடையை எலுமிச்சைச் சாற்றில் ஊறவிட்டால் கரையும். உவர்நீர்ப் பகுதியில் மலிவான பித்தளைக் குழாயிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய், சிவந்த, துளை விழுந்த செம்பு மட்டும் மிஞ்சும். அங்கே கொள்ளிடக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகள் குளியலறைக்கும் அந்த இணைப்பையே கொடுக்க நினைப்பது இயல்பு, ஆனால் அளவோடு வரும் நீர் அதற்குப் போதாது. உவர்ப்புத் தாங்கும் குழாய்களுக்குச் செலவிடுவதே மேல். வெந்நீர் ஓடும் வழிக்குச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாயான சிபிவிசி போடுங்கள், சாதாரண பிவிசி 60 டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்துவிடும். கெய்சர் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல், நனைந்த உடம்போடு அந்த அறைக்குள் யாரையும் அனுப்பாதீர்கள்.